பேண்டசி ஏலத்தில் யாருக்கு எத்தனை வெள்ளி?

பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் பத்துப் பேர் உட்கார்ந்து பிரீமியர் லீக் காற்பந்துக்குப் பேண்டசி ஏலம் எடுக்கிறீர்கள் (நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் வாங்கிக் கற்பனை அணி அமைப்பது, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்ப உங்களுக்குப் புள்ளி), தலைக்கு 200 வெள்ளி (நிஜக் காசு இல்லை), 15 ஆட்டக்காரர்கள் என்று வையுங்கள்.

முதலில் ஒருவர் சீசன் முழுக்க எத்தனை நிமிடம் ஆடுவார் என்று கணியுங்கள், கோல் எல்லாம் அப்புறம், பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் புள்ளி வராது. பிறகு 90 நிமிடத்துக்கு இத்தனை கோல், இத்தனை அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) என்ற விகிதத்தைப் போட்டுப் புள்ளியாக்குங்கள். பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ பேண்டசி விதியில் ஒரு கோலுக்கு முன்கள ஆட்டக்காரருக்கு 4, நடுக்களத்துக்கு 5, தற்காப்புக்கு 6. பெனால்டி கோலைத் தனியாகக் கணக்கிடுங்கள், அடிக்கும் ஆள் மாறலாம்.

இனி விலை. அணிக்கு 3 முன்களம் என்றால் 30 பேர் போய்விடுவார்கள், 31-வது ஆள் சும்மாவே கிடைப்பார், அவர்தான் அளவுகோல். அவருக்கு 80 புள்ளி, உங்கள் ஆளுக்கு 180 என்றால் உபரி 100. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் பார்த்து, 150 பேரின் உபரியும் சேர்ந்து 3,700 வருகிறது என்று வைத்துக்கொண்டால், மொத்தக் காசு 2,000-இல் ஓர் ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் 1 வெள்ளி வீதம் 150-ஐக் கழித்து மீதி 1,850, ஆக ஓர் உபரிப் புள்ளி 50 சென், உங்கள் ஆள் 50 + 1 = 51 வெள்ளி.

கோல்கீப்பருக்கு ஒன்றிரண்டு வெள்ளி போதும், சரி.

நம் ஆட்கள் லிவர்பூல், மேன்செஸ்டர் யுனைடெட் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள், அதனால் உங்களுக்கு வேண்டாத அந்த அணிக்காரர்களையே முதலில் ஏலத்துக்கு விடுங்கள், கேட்பவர்கள் பை காலியாகட்டும்.