பவர் ட்ரெயினிங்: மூச்சு வாங்க வாங்கக் குதிக்காதீர்கள்

வார்ம் அப் இல்லாமல் குதிப்பது, தேய்ந்த ஷூவோடு ஓடுவது, இதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பவர் ட்ரெயினிங்கில், அதாவது வேகமாக ஓடவும் உயரக் குதிக்கவும் செய்யும் பயிற்சியில், நான் பார்த்துப் பார்த்துச் சலித்த தவறுகள் வேறு.

ஓய்வு எடுக்காமல் குதிப்பது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இதுதான். நல்ல துள்ளல் உள்ள ஒரு பையன், வரிசையாக ஹர்டில் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தான். முதல் நாலைந்து தாண்டலில் பாதம் தரையில் பட்டதும் ‘டப்’ என்று ஒரு சத்தம், உடனே மேலே. அப்புறம் சத்தம் ‘தொப்’ என்று மாறியது, முழங்கால் ஆழமாக மடிந்தது, குதிகால் தரையில் உட்கார்ந்தது. அவனோ நிறுத்தாமல் முப்பது எண்ணி முடித்து, டீஷர்ட்டைப் பிழிந்து காட்டி, “செம ஒர்க்அவுட் அண்ணா” என்றான். பவருக்கு அதில் பாதிக்கு மேல் வீண்.

முழு வேக ஓட்டத்தில் தேர்ந்த வீரரின் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 நொடி. தசை தன் முழு பலத்தைக் காட்டவோ 0.3 நொடியாவது வேண்டும். ஆக, அந்தச் சின்ன இடைவெளிக்குள் எவ்வளவு பலத்தை இறக்க முடிகிறது என்பதுதான் பவர். களைத்த காலோடு குதித்தால் பாதம் தரையில் தங்கிவிடும், நீங்கள் பழகுவது மெதுவாகக் குதிப்பதை. இந்த வேலைக்கு எரிபொருளான கிரியேட்டின் பாஸ்பேட் பத்து நொடி முழு முயற்சியிலேயே பெருமளவு கரைந்துவிடும், கிட்டத்தட்ட முழுதாகத் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடிய உசைன் போல்ட்கூட உச்ச வேகத்தில் இருந்தது 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் நடுவில்தான், கடைசி 20 மீட்டரில் அவருக்கும் வேகம் குறைந்தது. அவராலேயே பத்து நொடி முழுக்கத் தாங்க முடியாததை நாம் அரை மணி நேரம் செய்வோமாம்!

நாலைந்து குதிப்பு, மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். போரடிக்கும், அடிக்கட்டும். சத்தம் மாறினால் அன்றைக்குக் கடையை மூடுங்கள்.

உயரமான பாக்ஸிலிருந்து டெப்த் ஜம்ப்

பாக்ஸிலிருந்து இறங்கி, பாதம் தரையில் பட்டதும் உடனே மேலே குதிப்பதுதான் டெப்த் ஜம்ப். பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறதா? பாக்ஸைத் தாழ்த்துங்கள்.

தினமும் குதிப்பது

வேண்டாம். வாரம் இரண்டு நாள் போதும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தேறுவதற்குத் தசையைவிட அதிக நாள் பிடிக்கும்.

ஸ்குவாட் எடையை மட்டும் ஏற்றுவது

தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில், புதியவருக்கு அதிலேயே குதிப்பு உயரும், அது உண்மை. ஓரளவு பலம் வந்த பிறகு எடையைக் குறைத்து வேகமாகத் தூக்கவும் பழக வேண்டும்.

எல்லையை மறப்பது

கியூபாவின் உயரம் தாண்டுதல் வீரர் சோட்டோமேயர் 1993இல் தாண்டிய 2.45 மீட்டரை முப்பது வருடம் கழிந்தும் எந்த ஆணும் தாண்டவில்லை. அப்படியிருக்க, மூன்று மாதத்தில் குதிப்பை இரட்டிப்பாக்கும் திட்டம் கேட்டு வருகிறார்கள். சரி, இப்போது எவ்வளவு குதிக்கிறாய் என்றால் முழிக்கிறார்கள். முதலில் விரல் நுனியில் சாக்பீஸ் தடவி, சுவரோரம் நின்று ஒரு கோடு, குதித்து ஒரு கோடு போட்டு அளந்துவிட்டு வாருங்கள்.