ஹெபடைடிஸ் பி விழிப்புணர்வு: மாணவத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி பற்றிப் பேச எழும் மாணவத் தன்னார்வலர், எதிரே அமர்ந்திருப்பவர்கள் எல்லாரும் தொற்றில்லாதவர்கள் என்ற எண்ணத்தோடு பேசத் தொடங்குவதுதான் முதல் தவறு. பின்னால் நேரும் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் 25.4 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் நாள்பட்ட தொற்றாக இருந்தது. அதாவது, ஏறக்குறைய முப்பது பேருக்கு ஒருவர். இந்த விகிதம் இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் தொற்றுள்ளவர்களில் தம் நிலையை அறிந்திருந்தவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நாம் பேசும் அறையில் தொற்றுள்ள ஒருவர் இருக்கலாம், அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம் என்று கொண்டு பேசுவதே முறை.

இதை மறந்துவிடும்போதுதான் 'உயிர்க்கொல்லி' என்ற பெரிய எழுத்துகளும், சிதைந்த கல்லீரலின் படமும் சுவரொட்டியில் ஏறுகின்றன. நோய் கடுமையானது என்பதில் ஐயமில்லை; 2022இல் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் இதனால் இறந்தனர், பெரும்பாலும் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கத்தாலும் கல்லீரல் புற்றுநோயாலும். இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அச்சத்தை மட்டும் சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால், பரிசோதனைக்கு வர வேண்டியவரே முதலில் ஒதுங்கிக்கொள்வார்.

எங்கள் கூட்டம் ஒன்று முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி கடைசி ஆளாக நின்று, "அம்மாவுக்கு இது இருக்கிறது, தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறோம், அது போதுமா?" என்று கேட்டாள். அன்று மேடையில் நாங்கள் சொன்னது "தொற்றுள்ளவர் பயன்படுத்திய பொருள்களைத் தொடாதீர்கள்" என்ற ஒற்றை வரி. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றை மனத்தில் வைத்துச் சொன்னோம்; அவள் வீட்டில் அது தாயின் தட்டை ஒதுக்கி வைப்பதற்குக் காரணமாக நின்றுவிட்டது. பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை இப்படித்தான் தவறான இடத்தில் போய் விழுகிறது. இந்த வைரஸ் இரத்தத்தின் வழியாகவும், பாதுகாப்பற்ற உடலுறவில் உடல் திரவங்களின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. உடலுக்கு வெளியேயும் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கக்கூடியது என்பதால்தான் பிளேடும் ஊசியும் ஆபத்தானவை. சேர்ந்து உண்பதாலோ, கட்டியணைப்பதாலோ, இருமலாலோ பரவுவதில்லை. பரவும் வழிகளைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தைப் பரவாத வழிகளைச் சொல்லவும் ஒதுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயரில் இருக்கிறது. எல்லா ஹெபடைடிஸையும் மஞ்சள் காமாலை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவுபவை ஏ, இ வகைகள். "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்ற அறிவுரை அவற்றுக்குப் பொருந்துமே தவிர, பி வகைக்கு அன்று. மேலும், நாள்பட்ட பி தொற்றுள்ளவர்களில் பலருக்குக் கண்ணும் தோலும் மஞ்சளாவதே இல்லை, பல்லாண்டுகளுக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. 'பி பாசிட்டிவ்' என்பதை இரத்த வகையோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு என்பதால், நோயின் முழுப் பெயரையும் ஒவ்வொரு முறையும் சொல்வது நல்லது.

தொற்று வந்த விதத்தைப் பேசும்போது உடலுறவையும் போதை ஊசியையும் மட்டுமே முன்னிறுத்துவது என் பார்வையில் மிகவும் புண்படுத்தும் தவறு, ஏனெனில் அது தொற்றுள்ள ஒவ்வொருவரையும் ஒழுக்கக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. பிறப்பின்போதோ முதல் ஆண்டிலோ தொற்று ஏற்படும் குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது; பெரியவரான பின் தொற்றுபவர்களில் அப்படி ஆவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவே இன்று நாள்பட்ட தொற்றோடு வாழ்பவர்களில் மிகப் பலர், பேசவே தெரியாத வயதில் அதைப் பெற்றவர்கள். இந்த ஒரு கணக்கை நிதானமாக விளக்கினாலே அறையில் இருக்கும் கூச்சம் குறைவதைப் பார்க்கலாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி ஏன் போடப்பட வேண்டும் என்பதும் அப்போது தானாகவே விளங்கிவிடும்.

பரிசோதனை முகாம்களில் நடக்கும் பிழைகளை மன்னிப்பது கடினம். முடிவுகள் எழுதிய தாள் மேசைமேல் திறந்து கிடப்பதும், ஒரு பெயரைச் சுற்றி மட்டும் சிவப்பு மை வட்டமிட்டிருப்பதும், அடுத்து வரிசையில் நிற்பவர் அதைப் படித்துவிடுவதும் ஒரு மனிதரின் படிப்பையும் திருமண வாழ்வையும் பாதிக்கக்கூடியவை. முடிவைத் தனியிடத்தில், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் வந்தவரை எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது முடிவாகாத முகாமை நடத்தாமலிருப்பதே மேல். வைரஸின் மேற்பரப்புப் புரதத்தை (ஆன்டிஜனை) இரத்தத்தில் தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ஒரே சோதனையில் நெகட்டிவ் வந்ததும் "உங்களுக்குக் கவலையில்லை" என்று அனுப்பிவிடுவதும் தவறு; அவருக்கு நோயெதிர்ப்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது, அண்மையில் தொற்றியிருந்தால் சில வாரங்களுக்குக் காட்டவும் செய்யாது. அந்த ஆன்டிஜன், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள், வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான கோர் எதிர்ப்புப் பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு நிலை புரியும்.

சிகிச்சையைப் பற்றி "மருந்தே இல்லை" என்பதும் "முழுமையாகக் குணமாக்கிவிடலாம்" என்பதும் ஒரே அளவு தவறானவை. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸைக் கட்டுப்படுத்தி, கல்லீரல் கெடுவதைத் தடுக்கின்றன. பெரும்பாலோர் அவற்றை நீண்ட காலம் உட்கொள்ள வேண்டியிருக்கும். எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, ஆனால் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பு எல்லாருக்கும் தேவை.

தன்னார்வலர்கள் தங்களை மறந்துவிடுவதும் நடக்கிறது. தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ளாத மாணவர், பயன்படுத்திய ஊசிகள் உள்ள பெட்டியைத் தூக்கக் கூடாது. ஊசி குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; தடுப்பூசியும், ஆயத்த எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசியான இம்யூனோகுளோபுலினும் 24 மணி நேரத்துக்குள் தரப்பட்டால்தான் நல்ல பயன்.

ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் நாள். 1960களில் இந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பெர்க் பிறந்த நாள் அது. பல குழுக்கள் அன்று பேரணி நடத்தி, முதல் தவணை ஊசியும் போட ஏற்பாடு செய்து, அத்தோடு முடித்துக்கொள்கின்றன. பெரியவர்களுக்கான வழக்கமான தடுப்பூசி மூன்று தவணைகள் கொண்டது: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஜூலை இறுதியில் தொடங்கியவருக்கு மூன்றாம் ஊசி ஜனவரி இறுதியில் வரும். அதற்குள் பருவத் தேர்வுகள் முடிந்திருக்கும், ஏற்பாடு செய்த மாணவர்களில் சிலர் வளாகத்தை விட்டே போயிருப்பார்கள். ஆகவே முதல் ஊசி போடும் நாளிலேயே, அடுத்த இரண்டு தேதிகளும் எழுதிய பதிவேட்டையும், ஒவ்வொருவருக்கும் நினைவூட்டும் பொறுப்பையும், அடுத்த ஆண்டும் அங்கே படிக்கப்போகும் ஓர் இளைய மாணவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.