எதிர்மறைக்கு ‘நீட்’ சேர்த்தால் மட்டும் போதாது: டச்சு கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டச்சு படிக்கும் நம்மவர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவேன். போன வாரம் ஒரு தம்பி, பக்கத்து வீட்டுக்கு அனுப்பவிருந்த செய்தியைக் காட்டினார். பல வருடம் முன்பு நான் அனுப்பிய அதே வரி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெ, ஹெட் மாறிப்போனால் யார் மனதும் புண்படாது, அதை விடுங்கள். இந்த வரி அப்படியல்ல.

‘மூட் நீட்’

நெதர்லாந்தில் பல பள்ளிகளைப் போல என் மகளின் பள்ளியும் புதன்கிழமை மதியத்தோடு விட்டுவிடும். நான் வேலை முடிந்து வரும்வரை எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். ஒரு புதன் எனக்கு விடுப்பு. அவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதினேன்: ‘மோர்ஹன் மூட் இயூ நீட் கோமன்.’ நான் நினைத்தது, நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை. அவர் படித்தது, நாளைக்கு நீங்கள் வரக் கூடாது.

அடுத்த புதனும் அவர் வரவில்லை. பூட்டிய கதவு முன்னால் மகள் பையோடு நின்றிருந்தாள். அன்று மாலை போய்க் கேட்டபோது, அந்த அம்மா போனை எடுத்து அந்த வரியைக் காட்டி, “நான் என்ன தப்பு செய்தேன்?” என்றார்.

எழுதியிருக்க வேண்டியது இது: ‘மோர்ஹன் ஹூஃப்ட் இயூ நீட் தெ கோமன், வன்ட் இக் பென் தாவ்ஸ்.’ நாளைக்கு நீங்கள் வரத் தேவையில்லை, நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

‘வேண்டும்’ என்பதற்கு மூட்டன். ‘தேவையில்லை’ என்றால் வினையே மாறி ஹூவன் ஆகிவிடும், கூடவே ‘தெ’ வரும். மூட்டனோடு ‘நீட்’ சேர்த்தால் அது ‘கூடாது’ பக்கம் போய்விடும். தமிழிலும் தேவையில்லை வேறு, கூடாது வேறுதானே! தமிழில் யோசித்தால் தவறு வராது. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு மாற்றும்போதுதான் சறுக்குகிறோம். இன்றும் யாராவது இப்படி எழுதினால் எனக்குப் பதறுகிறது. பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸில் ‘மூட் நீட்’ என்றே ‘தேவையில்லை’யைச் சொல்வார்கள். அந்தப் பக்கத்து ஆன்ட்வெர்ப் நண்பர் சொன்னாரே என்று அதை நெதர்லாந்தின் உட்ரெக்டில் எழுதாதீர்கள்.

வினை நிற்கும் இடம்

‘மோர்ஹன்’ முன்னால் வந்துவிட்டால் அடுத்தது வினைதான், ‘நீங்கள்’ அதற்குப் பிறகே. மரியாதையான ‘இயூ’வுக்குப் பதில் ‘நீ’ என்னும் ‘யெ’ போட்டால், இப்படி வினை முந்தும்போது அதன் கடைசி ‘ட்’ உதிர்ந்து ‘ஹூஃப் யெ’ ஆகும்.

‘ஏனென்றால்’ என்னும் ‘வன்ட்’ இருந்த இடத்தில், காரணம் சொல்லும் இன்னொரு சொல்லான ‘ஓம்டாட்’ வைத்தால் வினை கடைசிக்குப் போகும்: ‘ஓம்டாட் இக் தாவ்ஸ் பென்’. நான், வீட்டில், இருப்பதால். நம் வரிசையேதான்! இதில்கூட நம்மவர்கள் வினையை நடுவில் செருகுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தெரியும்

ஆளைத் தெரியும் என்றால் கென்னன். விஷயம் தெரியும் என்றால் வேட்டன்.

ஹால்ஃப் ட்ரீ

சொல்லுக்குச் சொல் ‘அரை மூன்று’. ஆனால் இரண்டரை மணி. மூன்றரை அல்ல.