மைதானத்துக்குக் கோடு போடும் பொறுப்பைக் கையேற்பவருக்கு

பெரும்பாலான ஊர்க் கால்பந்துக் கழகங்களில், ஆட்ட நாளன்று விடியுமுன்பே வந்து கயிறு பிடித்துக் கோடு போட்டு, வலையைக் கட்டிவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஒருவர் இருப்பார். முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவரின் இடத்துக்கு வருபவர், ஒரு பருவகாலம் முழுவதும் அவருக்குத் துணையாக நின்று கற்றுக்கொள்ள வேண்டும். மழைநீர் எந்த மூலையில் தேங்கும், எந்தப் பக்கம் மண் இளகும் என்பவை விதிநூலில் இல்லை. அவை அவருடைய கால்களுக்குத்தான் தெரியும்.

மிகுந்த கவனம் கேட்பவை மூலைகளே. கண்மதிப்பில் செங்கோணம் வைத்தால், மறுமுனைக்குச் செல்வதற்குள் பக்கக்கோடு விலகிவிடும். ஆகவே மூலையிலிருந்து கோல் கோட்டில் 6 மீட்டரும் பக்கக்கோட்டில் 8 மீட்டரும் அளந்து முளை அடித்து, இரு முளைகளுக்கும் இடையே சரியாக 10 மீட்டர் அமையும்வரை பக்கக்கோட்டைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். நான்கு மூலைகளும் அமைந்தபின், எதிரெதிர் மூலைகளை இணைக்கும் இரு நீளங்களும் சமமாக இருந்தால் மட்டுமே கோடு போடும் மாவைத் தொடுங்கள்.

கயிற்றில் 5.5, 9.15, 11, 16.5 மீட்டர்களில் முடிச்சுப் போட்டுக்கொண்டால் முறையே கோல் பகுதி, நடுவட்டம், பெனால்டிப் புள்ளி, பெனால்டி பகுதி ஆகிய அனைத்தையும் அதைக்கொண்டே முடித்துவிடலாம். நைலான் கயிறு நாளடைவில் நீளும் என்பதால், அவ்வப்போது அளவு நாடாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெனால்டி பகுதியின் 16.5 மீட்டரைக் கோல் கம்பத்தின் உட்புறத்திலிருந்தே அளக்க வேண்டும். வெளிப்புறத்திலிருந்து தொடங்கினால், கம்பத்தின் தடிமன் அளவுக்கு அந்தப் பகுதி அகன்றுவிடும். கோடுகளின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

சுண்ணாம்புத் தூளை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. வியர்வையோடு கலந்தால் தோலைப் புண்ணாக்கும். சறுக்கி விழும் சிறுவனின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கோலத்துக்குப் பயன்படும் கல்மாவு போதுமானது.

கோப்பையில் கழகத்தின் பெயரும் படத்தில் ஆட்டக்காரர்களின் முகங்களும் இடம்பெறுகின்றன. கோடு போட்டவரின் பெயர் எங்கும் இருப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கழகத்தின் கூட்டக் குறிப்பேட்டில் அவருடைய பெயரையும் பணிக்காலத்தையும் தலைவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நீங்கள் தனியாகக் கோடு போடும் முதல் நாளில், மாவைத் தூவுமுன் அவரை அழைத்து, அளவு நாடாவின் மறுமுனையை அவர் கையில் கொடுங்கள்.