லடாக் மேப்பை எப்படிப் படிக்கிறது? எல்லைக்கோட்டை விடுங்க, ஆத்துல ஆரம்பிங்க

லடாக் நியூஸ் வந்தாலே கல்வான், பாங்காங் ஏரி, அக்சாய் சின், சியாச்சின்னு பேரா கொட்டும், ஆனா எது எங்க இருக்குன்னு கேட்டா முக்கால்வாசி பேர் முழிப்பாங்க. எல்லாரும் எல்லைக்கோட்டையே முதல்ல பாக்கறதாலதான் இந்தக் குழப்பம்னு நான் நினைக்கிறேன். கோடு கடைசில வரட்டும்.

மேப்ல டெரெய்ன் வியூ (மலை, பள்ளம் காட்டறது) போட்டு லடாக்கோட முக்கிய ஊரான லேவைத் தேடுங்க. பக்கத்துல ஓடுறது சிந்து, கைலாஷ் பக்கம் பொறந்து திபெத்ல இருந்து வடமேற்கா வருது. அதுக்கு வடக்க லடாக் மலைத்தொடர், தெற்க ஜான்ஸ்கர். லடாக் தொடரைத் தாண்டினா ஷியோக் ஆறு, நுப்ரா, அதுக்கும் மேல காரகோரம். இப்ப கல்வானைப் பாருங்க, சீனா கையில இருக்கற, நம்மளும் சொந்தம்னு சொல்ற அக்சாய் சின் மேட்டுநிலத்துப் பக்கத்துல இருந்து மேற்க ஓடி வந்து ஷியோக்ல சேர்ற சின்ன ஆறுதான் அது. ஷியோக்கை ஒட்டித்தான் வடக்கு ஓரத்துல இருக்கற தவுலத் பேக் ஓல்டிங்கற ராணுவ முகாமுக்கு நம்ம ரோடு போகுது, அதனால கல்வான் வாய்ல யார் நிக்கிறாங்கங்கறது அந்த ரோட்டோட பாதுகாப்பு விஷயம், 2020ல இந்தியா–சீனா வீரர்கள் சண்டை ஏன் அங்கன்னு இப்ப பிடிபடும்.

அப்படியே சிந்து கரைல ஜூம் பண்ணிப் பாருங்க. சுத்தி பூரா காஞ்ச பழுப்பு, பக்கவாட்டுல ஓடை இறங்கற இடத்துல மட்டும் விசிறி மாதிரி ஒரு பச்சைத் திட்டு இருக்கும், அதான் ஊரு. மழை மேகத்தை இமயமலை தெற்கயே நிறுத்திடுது, லேவுல வருஷத்துக்கு 100 மி.மீ. பெய்யறதே பெருசு, பனி உருகி வர்ற தண்ணிய வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்துதான் பார்லி விளையுது.

அடுத்தது கணவாய். மேற்க சோஜி லா, ஸ்ரீநகருக்கு வழி. வடக்க காரகோரம் கணவாய், யார்க்கண்டுக்கு வியாபாரிங்க போன வழி. கிழக்க சாங்தாங் மேட்டுநிலம், பஷ்மினா கம்பளி வர்ற இடம். லடாக்கோட பழைய அரசியல்ல பெரும்பகுதி இந்தக் கம்பளிக்கு அடிச்சுக்கிட்டதுதான். நம்கியால் ராஜாக்கள் கையில இருந்த நாட்டை 1834ல ஜம்மு டோக்ரா தளபதி சோராவர் சிங் வந்து பிடிச்சாரு, 1841ல மேற்கு திபெத்துக்குள்ளயும் பூந்தாரு, டிசம்பர் குளிர்ல அங்கயே சண்டைல செத்தாரு. 1842ல சமாதானம், எல்லை பழையபடியேன்னு பேசினாங்க, ஆனா அந்தப் பழைய எல்லை எதுன்னு யாரும் வரைஞ்சு வைக்கல! 1846ல ஜம்மு ராஜா குலாப் சிங் ஜம்மு-காஷ்மீர் மகாராஜா ஆனதும் லடாக் காஷ்மீர் ராஜ்ஜியத்தோட போச்சு.

இனி கோட்டுக்கு வரலாம். 1865ல ஜான்சன்ங்கற சர்வேயர் அக்சாய் சின்னை காஷ்மீருக்குள்ள போட்டு வரைஞ்சாரு, 1899ல பிரிட்டிஷ்காரங்க அதுல பெரும்பகுதிய விட்டுக்கொடுத்து வேற கோடு சொன்னாங்க, சீனா பதிலே தரல. 1957ல சீனா அந்த வழியா ஜின்ஜியாங்–திபெத் ரோட்டை போட்டு முடிச்சது, 1962ல இந்தியா–சீனா போர்.

ஒரு விஷயத்தை மட்டும் போட்டுக் குழப்பிக்காதீங்க: பாகிஸ்தான் பக்கம் இருக்கறது எல்ஓசி (கட்டுப்பாட்டுக் கோடு), 1972ல ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டு மேப்ல வரைஞ்சது. ஆனா அது என்ஜே 9842ங்கற புள்ளியோட நின்னு போச்சு, அதுக்கு வடக்க கோடு இல்லாததாலதான் 1984ல சியாச்சின் பனியாறு யாருக்குன்னு இந்தியா–பாகிஸ்தான் மோதல். சீனா பக்கம் இருக்கறது எல்ஏசி (மெய்யான கட்டுப்பாட்டுக் கோடு), அதை ரெண்டு பேரும் சேர்ந்து வரைஞ்சதே இல்ல. ஆன்லைன் மேப்ல எல்லை நீங்க எந்த நாட்டுல இருந்து பாக்கறீங்களோ அதுக்கேத்த மாதிரி மாறும், ஸ்க்ரீன்ஷாட் வச்சு சண்டை போடறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

உள்ளூர் அரசியலுக்கு 2011 சென்சஸ் போதும்: மொத்தமே 2.74 லட்சம் பேர், லே மாவட்டத்துல பௌத்தர்கள் அதிகம், கார்கில்ல ஷியா முஸ்லிம்கள். யூனியன் பிரதேசம் வேணும்னு பல வருஷமா கேட்டது லே, கார்கிலுக்கு அதுல இஷ்டமில்ல. 2019 அக்டோபர் 31ல அது நடந்துச்சு, ஆனா சட்டசபை இல்லாம. அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் சேர்ந்து மாநில அந்தஸ்தும், பழங்குடிப் பகுதிகளுக்கு தனி அதிகாரம் தர்ற அரசியல் சாசனத்தோட ஆறாவது அட்டவணையும் கேக்கறாங்க. அதனால லடாக்ல போராட்டம்னு தலைப்பு பாத்தா, லேவா கார்கிலா இல்ல ரெண்டும் சேர்ந்தான்னு முதல்ல தேடுங்க, பாதி செய்தி அதுலயே இருக்கும்.