எஸ்.டபிள்யூ.ஆர். அழகாக இருக்கிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவுதான் எஸ்.டபிள்யூ.ஆர்.; 1-க்கு அருகில் இருந்தால் நல்லது. அதை அளக்கும் மீட்டர் ரிக் (ரேடியோ பெட்டி) பக்கத்தில் இருக்கிறது. ஆண்டெனா கேபிளின் மறுகோடியில் இருக்கிறது. நடுவில் கேபிள் சக்தியைத் தின்றுவிட்டால், மீட்டர் அதையும் நல்ல அளவாகவே காட்டும். புதிய ஹாம்கள் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிளின் இழப்பு ஏறக்குறைய 6 டெசிபெல், அதாவது சக்தியில் கால் பங்குதான் மறுமுனைக்குப் போகும். மேலே ஆண்டெனாவே கழன்று போயிருந்தாலும், போகும்போது 6, திரும்பும்போது 6 என்று தேய்ந்து வருவதால் மீட்டர் 1.7 என்றுதான் காட்டும். தண்ணீர் இறங்கிய கேபிளில் இழப்பு கூடக் கூட அளவு இன்னும் இறங்கும். மாதக்கணக்கில் 1.8-ல் நின்றது ஒரு மழைக்குப் பிறகு 1.3 ஆனால் மகிழாதீர்கள். வெளிக் கனெக்டரைப் பிரித்து, பின்னல் கம்பி கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரியான சோதனை இது: ஆண்டெனாவைக் கழற்றி, அந்த முனையில் பவர் மீட்டரையும் அதன் பின்னால் 50 ஓம் டம்மி லோடையும் (ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை) மாட்டுங்கள். கீழே 10 வாட் கொடுத்து மேலே 2.5 வாட் வந்தால் இழப்பு 6 டெசிபெல். அந்த நீளத்துக்கு டேட்டாஷீட் சொல்வதைவிட 1 டெசிபெல் கூடினாலும் கேபிளை மாற்றிவிடுவது நல்லது.

ஆண்டெனா மாட்டியிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்துவிட்டு "ஷார்ட்" என்று கேபிளை வெட்டுபவர்கள் உண்டு. மடிப்பு டைபோலும், ஹேர்பின் மேட்ச் (U வடிவக் கம்பி இணைப்பு) உள்ள யாகியும் (பல குச்சிகள் கொண்ட, ஒரு திசை நோக்கும் ஆண்டெனா) மல்டிமீட்டரின் நேர்மின்னோட்டத்துக்கு (டி.சி.) எப்போதும் ஷார்ட்டாகத்தான் தெரியும். கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

இரு பக்கமும் கம்பி நீளும் டைபோல் ஆண்டெனாவை அவசரப்பட்டு வெட்டுவதும் வழக்கமான தவறு. தாழ்ந்த எஸ்.டபிள்யூ.ஆர். 7.0-ல் விழுந்து, உங்களுக்கு 7.1 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், பக்கத்துக்கு 14 சென்டிமீட்டர் குறைத்தால் போதும். அதையும் முதலில் வெட்டாமல் மடித்துக் கட்டிப் பாருங்கள்.

ஒருவர் ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரை மற்றவர்கள் தேடும் ஹாம் விளையாட்டிலும் மீட்டர்தான் கைவிடும். அருகில் போனதும் எஸ்-மீட்டர் (சிக்னல் வலிமை காட்டி) முழுக்க ஏறி நின்றுவிடும், யாகியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அசையாது. ஆண்டெனா வழியில் அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) போட்டாலும், சிக்னல் ஹேண்டியின் (கையடக்க ரேடியோ) பிளாஸ்டிக் கூடு வழியாகவே உள்ளே நுழையும். 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்யுங்கள். அதுவும் போதாவிட்டால் மூன்றாவது ஹார்மோனிக்கை (மூன்று மடங்கு அலைவரிசையில் மெலிதாக வரும் அதே சிக்னல்) கேளுங்கள்: 145.5-க்கு அது 436.5 மெகாஹெர்ட்ஸ். இதற்கென்றே ஒன்று செய்து கொள்வதானால், சிக்னலை வேறு அலைவரிசைக்கு மாற்றிக் கொடுக்கும் ஆஃப்செட் அட்டனுவேட்டர்தான் சிறந்தது.

யாகியைக் கிடைமட்டமாகவே பிடித்துக்கொண்டு திரிவதும் தவறு. ஒளித்து வைத்தவரின் ஆண்டெனா பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும், யாகியின் குச்சிகளும் அப்படியே நிற்க வேண்டும்.

கட்டடங்களுக்கு நடுவே எடுத்த ஒரே பியரிங்கை (சிக்னல் வரும் திசை அளவு) நம்பி ஓடாதீர்கள். பல சமயம் அது எதிரொலித்த சுவரைத்தான் காட்டும். திறந்த மேட்டில் ஒன்று, நன்றாக விலகிப் போய் இன்னொன்று எடுத்து, வரைபடத்தில் இரண்டு கோடுகளும் செங்கோணத்துக்கு அருகில் வெட்டும்படி பாருங்கள். 20 டிகிரியில் வெட்டினால், திசையில் 5 டிகிரி பிசகு கூட இடத்தை வெகுதூரம் தள்ளிவிடும்.