கழிவுக் குழாயை ஊடறுத்த கேபிள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் மலசலகூடக் குழி நம்முடைய காணிக்குள்ளேயே இருக்கும். நிரம்பினால் ஆளைக் கூப்பிட்டு இறைப்போம். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் கதை வேறு. வீட்டுக் கழிவுநீர் முழுக்க 4 அல்லது 6 அங்குலக் குழாய் ஒன்றால் முற்றத்துக்குக் கீழே ஓடி, வீதியின் பெருங்குழாயில் விழுகிறது. பெருங்குழாயிலிருந்து காணி எல்லை வரை மாநகரத்தின் பொறுப்பு, எல்லையிலிருந்து வீடு வரை வீட்டுக்காரரின் பொறுப்பு. மற்ற நகரங்களில் இந்தப் பிரிப்பு எப்படி என்று வீடு வாங்கும்போதே நகரசபையிடம் கேட்டுவிடுங்கள்.

தெருவில் ஃபைபர் இன்ரர்நெற் போட வருபவர்கள் இப்போது நீளக் கிடங்கு வெட்டுவதில்லை. ஒரு முனையில் சிறு குழி தோண்டி, துளைக்கும் தலையை நிலத்துக்குள் கிடையாக ஓட்டி, மறுமுனையில் எடுக்கிறார்கள். பிறகு அதே வழியால் பிளாஸ்ரிக் உறையை இழுத்துக் கேபிளைப் போடுவார்கள். தோண்டுமுன் 'ஒன்ராறியோ வன் கோல்' (Ontario One Call) என்ற அறிவிப்பு மையத்துக்கு அறிவித்து, கீழே எது ஓடுகிறது என்று காட்ட நிலத்தில் நிறம் அடிப்பிக்க வேண்டும் என்பது சட்டம்: காஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்குச் செம்மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன்னுடைய குழாயைத்தான் குறிக்கும். காணிக்குள் ஓடும் உங்கள் கழிவுக் குழாய் பெரும்பாலும் குறிக்கப்படாது. பழைய குழாய் சுட்ட களிமண், புதியது பிவிசி. உலோகம் தேடும் கருவிக்கு இரண்டுமே தெரியாது. கேபிள் வழக்கமாக மேலே, கழிவுக் குழாய் கீழே. நடுவில் காஸோ தண்ணீரோ குறுக்கிட்டால் துளைக்கும் தலையை ஆழத்துக்கு இறக்குகிறார்கள். குழாயில் ஓட்டை விழுவது அங்கேதான். களிமண் குழாயைத் துளைத்ததை இயந்திரம் ஓட்டுபவர் உணராமலே போகலாம்.

உடனே அடைப்பு வராது என்பதுதான் இதில் மோசம். குழாயின் குறுக்கே கிடக்கும் உறையில் முதலில் கடதாசி மாட்டும், பிறகு எண்ணெய்ப்படிவு சேரும், உடைந்த விளிம்பால் மண் இறங்கும். மாதக்கணக்கில் கழித்து, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும் நேரம் பேஸ்மென்ற் தரையிலுள்ள வடிகாலால் கறுப்புத் தண்ணீர் மேலே வரும். அதற்குள் தோண்டியவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

காசைத் தின்னும் பொறி இந்த இடத்தில் இருக்கிறது. பதறிப்போய், இணையத்தில் முதலில் கண்ட பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் சுழலும் வெட்டுக்கத்தி பூட்டிய கம்பியை விட்டு அடைப்பை அறுத்து, குழாய்க்குள் நுழைந்த 'மரவேர்'தான் காரணம் என்று பில்லில் எழுதிவிட்டுப் போய்விடுவார். சாட்சி போய்விட்டது. பின்னால் நீங்கள் யாரிடம் நட்டஈடு கேட்டாலும் அந்தப் பில்லைத்தான் உங்கள் முகத்துக்கு முன் நீட்டுவார்கள்.

உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. குறுக்கே கிடப்பது கேபிளாக இல்லாமல் காஸ் குழாயாக இருந்தால், அந்தக் கத்தி அதை அறுக்கும். காஸ் கழிவுக் குழாய் வழியே நேரே வீட்டுக்குள் வரும். 1976இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் கெனோஷாவில் கழிவுக் குழாயை ஊடறுத்த காஸ் குழாயால் வீடு வெடித்து இருவர் இறந்தார்கள். அதனால், அடைப்பு வீட்டின் வெளிச்சுவருக்கு அப்பால் இருந்தால், கம்பி விடுமுன் காஸ் நிறுவனத்தை அழைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்ராறியோவில் என்பிரிட்ஜ் என்ற காஸ் நிறுவனம் இதற்கென்றே ஒரு சேவை வைத்திருக்கிறது. 'தேவையில்லை' என்று சொல்லும் பிளம்பரைத் திருப்பி அனுப்புங்கள். கொமோட்டில் காரணமில்லாமல் குமிழி எழுந்து காஸ் மணமும் வந்தால், சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, தூரத்தில் நின்று 911ஐ அழையுங்கள்.

சரியான ஒழுங்கு இது. வீட்டில் தண்ணீர்ப் பாவனையை நிறுத்துங்கள். ரொறன்ரோ என்றால் முதலில் மாநகரத்தின் தொலைபேசிச் சேவையான 311ஐ அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். பிறகு குழாய்க்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். திரையில் தூரம் ஓடும் வகைக் கமராவாக இருக்கட்டும். காணொளி முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேர் என்றால் மயிர்க்கற்றைபோல இணைப்புகளில் தொங்கும். கேபிள் உறையோ வழுவழுப்பாக, ஒரே உருண்டையாக, ஒரு பக்கச் சுவரால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும்; சுற்றிலும் களிமண் கூராக உடைந்திருக்கும். கமராத் தலையிலுள்ள ஒலிபரப்பியை மேலேயிருந்து பிடித்து, நிலத்தில் அந்த இடத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி, வீதியோரக் கேபிள் பெட்டிகள், மிச்சமிருக்கும் செம்மஞ்சள் நிறம் எல்லாம் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள்.

அடுத்து காணி அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள். கேபிள் அதிகம் ஓடுவது வீதியோரப் புல்தரையில், அது மாநகர நிலம். உடைவு எல்லைக்கு வெளியே என்றால் திருத்துவது மாநகரத்தின் வேலை. உங்கள் செலவில் அங்கே கிண்ட வராதீர்கள் என்று பிளம்பருக்குச் சொல்லுங்கள். எத்தனையோ பேர் தேவையில்லாமல் கொடுத்த காசு இதுதான்.

உடைவு உங்கள் பக்கம் என்றால், யார் தலையில் பொறுப்பு? கேபிள் நிறுவனம் ஒப்பந்தக்காரரைக் காட்டும், அவர் துணை ஒப்பந்தக்காரரைக் காட்டுவார், துணையாள் நிறம் அடித்தவரைக் காட்டுவார். இந்தச் சுற்றில் இறங்காதீர்கள். அந்தத் தெருவில் தோண்ட யாருக்கு அனுமதி கொடுக்கப்பட்டது என்று நகரசபையிடம் கேட்டறிந்து, எல்லோருக்கும் ஒரே நாளில் எழுத்தில் அறிவியுங்கள்: திகதி, படம், காணொளி, வந்து பார்க்கக் கால எல்லை. உறையை நீங்கள் வெட்டவே கூடாது. அதற்குள் மின்சாரம் ஓடலாம். அவர்கள் ஆள் வந்து விலக்க வேண்டும். வெட்டியெடுத்த களிமண் துண்டை எறியாமல் வையுங்கள். 'எப்படியும் உடையவிருந்த பழைய குழாய்' என்று அவர்கள் காப்புறுதிக்காரர் தொகையைக் குறைக்கப் பார்ப்பார். குழாயின் மற்றப் பகுதியெல்லாம் நலமாக இருப்பதைக் காட்டும் காணொளிதான் அதற்குப் பதில். வழக்குப் போடுவதற்கு, சேதத்தை அறிந்ததிலிருந்து பொதுவாக 2 வருடம். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் 2025 அக்டோபர் முதல் 50,000 டொலர் வரை கேட்கலாம்.

உங்கள் வீட்டுக் காப்புறுதியை நம்பி இருக்காதீர்கள். கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கான காப்பு இங்கே வழக்கமாகத் தனியாகச் சேர்க்க வேண்டியது. நிலத்தடிக் குழாய்க்கான காப்பு இன்னொன்று.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களே, முதலில் நனைவது உங்கள் பெட்டிகள்தான். வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் பொருளுக்குக் காசு தராது. வாடகைக் காப்புறுதி எடுங்கள். 'நீங்கள் ஏதோ போட்டுத்தான் அடைத்தது' என்று வீட்டுக்காரர் கையைக் காட்டினால், கமராப் பதிவை எழுத்தில் கேளுங்கள். திருத்தும் கடமை வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரருடையது.

சில நாளில் கேபிள் போட்டவர்கள் பக்கமிருந்து நல்ல மனிதராக ஒருவர் வந்து, புல்லைச் சீராக்கித் தருகிறோம் என்று காசோலையும் கையெழுத்துத் தாளும் நீட்டுவார். அந்தத் தாளில் 'முழுமையான, இறுதியான விடுவிப்பு' என்று இருக்கும்; அதாவது, இதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. திருத்தம் முடிந்து, இரண்டாவது கமராப் பதிவில் குழாய் சரிவு குறையாமல், தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடுவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒப்பம் வைக்காதீர்கள். பேஸ்மென்ற் தரை, நடைபாதைக் கற்கள், பிளம்பர் பில், கமராக் கூலி எல்லாம் அந்தத் தொகைக்குள் வர வேண்டும்.